செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவருக்கும் பொருளாளருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. கோடைக்கால ஒன்றுகூடல் மழையால் நின்றுபோனது. ஞாயிறு தமிழ் வகுப்பு தொடர்கிறது.

அப்புறம், வடக்குப் பிரான்சில் முதல் உலகப் போர்க்களமாக இருந்த நெவ்-ஷப்பேல் ஊருக்குப் போன பயணம். "அந்தச் சின்ன ஊரில் நமக்கு என்ன வேலை?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

லீல் நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சுற்றிலும் வயல். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வரும் மண். அதனால் அந்தப் போரில் பதுங்குகுழிக்குப் பதில் மணல் மூட்டைகளை அடுக்கித்தான் சண்டை போட்டார்கள். 1915 மார்ச் 10 காலை 35 நிமிடம் பீரங்கி முழங்கியது. பிறகு இந்தியப் படையும் பிரிட்டிஷ் படையும் ஜெர்மானியர் பிடியில் இருந்த ஊருக்குள் புகுந்தன. 13ஆம் தேதிக்குள் இந்தியப் படையில் மட்டும் நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், காயம்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். ஊரில் ஒரு வீடு உருப்படியாக மிஞ்சவில்லை.

பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த இந்திய வீரர் நினைவிடம் 1927இல் திறக்கப்பட்டது. வட்டச் சுவரில், கல்லறை இல்லாத 4,700க்கு மேற்பட்டோரின் பெயர்கள் படைப்பிரிவு வாரியாக இருக்கின்றன. முதல் நாளே இறந்து, பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை பெற்ற இமயமலைக் கர்வால் வீரர் கப்பர் சிங் நேகியின் பெயரும் அதில் உண்டு. நினைவிடத் தூணின் அடியில் ஆங்கிலம், அரபு, இந்தி, குர்முகி எழுத்துகள்; தமிழ் இல்லை என்று ஓர் உறுப்பினர் முகம் சுளித்தார். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து அந்தப் போருக்கு வந்தவர்கள் பிரெஞ்சுப் படையில் இருந்தவர்கள். அவர்கள் பெயரை இங்கே தேடக் கூடாது. கர்வால்காரனுக்கு நாம் ஒரு பூ வைத்தால் என்ன குறைந்துவிடும்?

பேருந்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. ஒருவருக்குத் திடீர்க் காய்ச்சலாம். அன்று மாலை ஒரு கல்யாணத்தில் அவர் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். ஆள் பாதியானால் பேருந்து வாடகை பாதியாகாது.

வரவும் செலவும் ஏறக்குறையச் சரியாக இருக்கின்றன. விவரம் பொருளாளரிடம் கேட்கலாம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயரைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. பட்டியல் என் பையில்தான் இருக்கிறது.

மண்டபம் தந்த நகராட்சிக்கும், சமைத்த சகோதரிகளுக்கும், பேருந்து ஓட்டுநருக்கும் நன்றி.

அடுத்த மார்ச்சில் மறுபடி போக வேண்டும். நினைவிடம் பற்றித் தமிழில் ஒரு கையேடும் எழுதி வைத்திருக்கிறேன். அச்சுக்கூலி யார் தருவது என்பதுதான் பாக்கி. செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. காசோலை கொண்டுவந்தவர்கள் தேநீருக்கு முன்பே பொருளாளரைப் பார்த்துவிடுங்கள்.