விடைக்கு முன்னாடி ஒப்பிடச் சொல்லிக்கொடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு, மத்திய அரசு 2021ல ஆரம்பிச்ச நிபுண் பாரத் திட்டம் பத்தி உங்க பேப்பர்ல வந்த செய்தி படிச்சேன், 2026-27க்குள்ள மூணாங்கிளாஸ் முடிக்கிற எல்லாப் பிள்ளைக்கும் அடிப்படைக் கணக்கு வரணும்ங்கறது நல்ல குறிக்கோள்தான், ஆனா விடை வந்தா போதும்னு சொல்லிக்கொடுத்தா அது வராதுங்க. ரெண்டாங்கிளாஸ் படிக்கிற எம்பொண்ணுகிட்ட 15-4 பெருசா 15-6 பெருசான்னு கேட்டேன், 6 தானே பெருசு அதனால 15-6ன்னு பட்டுனு சொல்லிட்டா. திட்டல. புளியங்கொட்டையை பதினஞ்சு பதினஞ்சா ரெண்டு வரிசை அடுக்கி ஒண்ணுல 4, இன்னொண்ணுல 6 எடுக்கச் சொன்னேன், ரெண்டையும் மாறி மாறிப் பாத்துட்டு "நெறைய எடுத்தா கம்மியாத்தாம்மா மிஞ்சுது"ன்னா, எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. இப்ப 8+5, 9+4 கேட்டா கூட்டாமலே 5லேருந்து ஒரு கொட்டையை 8 பக்கம் தள்ளிட்டு ரெண்டும் சமம்ங்கறா. சமக்குறின்னா ரெண்டு பக்கமும் ஒரே அளவு, விடை எழுதுன்னு அர்த்தம் இல்ல, இதையே நாம சரியா சொல்றதில்ல.

இங்க மாநகராட்சி தமிழ்ப் பள்ளிங்கள்லயும் முதல் ரெண்டு கிளாஸுக்கு தினம் அஞ்சு நிமிஷம், விடை கண்டுபிடிக்காம பெருசு, சிறுசு, சமம்னு குறி மட்டும் போட வைக்கலாம், ஏன் அப்படின்னு பிள்ளைங்க வாயாலயே சொல்லவும் விடணும்.

ஒரு தாய், தாராவி, மும்பை