தமிழ்நாட்டு வழக்கறிஞர் சங்கங்களுக்கு: பிரித்து எழுதிய ரசீது கொடுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அச்சகம், லேத் பட்டறை, மொத்தக் கடை, தனி கிளினிக் என்று சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு வருமான வரிக் கணக்கு எழுதுகிறவர்கள் நாங்கள். தொழில் சம்பந்தமான வழக்குக்கு அவர்கள் உங்களிடம் தரும் ஃபீஸை வருமானத்தில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் பலரால் கழிக்க முடிவதில்லை. ஒன்று, கையில் ரசீதே இருக்காது. இல்லையென்றால், ‘வழக்குச் செலவு ரூ.60,000’ என்று ஒற்றை வரி மட்டும் இருக்கும்.

வருமான வரிச் சட்டம் 1961, பிரிவு 37(1) கேட்பது இதுதான்: செலவு முழுக்கத் தொழிலுக்காக ஆனதா, சொந்தச் செலவோ மூலதனச் செலவோ கலக்கவில்லையா? (2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் எண்கள் மாறியிருக்கின்றன, சாரம் மாறவில்லை. எல்லோருக்கும் பழகிய பழைய எண்களையே எழுதுகிறோம்.) சரக்கு வாங்கிப் பணம் தராதவர் மேல் போடும் வழக்கு, செக் பவுன்ஸ், கடை வாடகைத் தகராறு, வரி மேல்முறையீடு எல்லாம் கழிக்கத்தக்கவை. வழக்கு ஜெயித்ததா தோற்றதா என்பது கணக்கில் வராது. மதுரை மீனாட்சி மில்ஸ் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. குற்ற வழக்கில் வாதாடிய செலவு என்பதாலேயே தள்ளிவிடக் கூடாது என்று 1973இல் தன்ராஜ்கிர்ஜி வழக்கில் சொன்னது. சட்டமீறலுக்குக் கட்டும் அபராதம் மட்டும் கழியாது. விவாகரத்து, பாகப்பிரிவினை சொந்தச் செலவு. புதிதாக வாங்கும் கோடவுனின் கிரயப் பத்திரத்துக்கு ஆன வக்கீல் ஃபீஸ் கட்டடத்தின் விலையோடு சேரும். ஏற்கெனவே தொழில் நடக்கும் இடத்தின் மேல் ஒருவர் உரிமை கோரினால், அதை எதிர்த்து வாதாடும் செலவு அந்த ஆண்டே கழியும்.

சிக்கல் எங்கே என்றால், ஒரே கட்சிக்காரருக்கு ஒரே வக்கீல் செக் கேஸையும் பாகப்பிரிவினை வழக்கையும் நடத்துவார். பணம் மொத்தமாகக் கைமாறும். விசாரணையில் அதிகாரி பிரித்துக் காட்டச் சொல்வார். காட்ட முடியாவிட்டால் தொழிலுக்கான பங்கும் சேர்ந்தே தள்ளுபடியாகும். ஆகவே ரசீதில் வழக்கு எண், நீதிமன்றம், இரு தரப்பின் பெயர், உங்கள் பான் எண், பணம் வந்த தேதி, வந்த வழி ஆகியவை வேண்டும். ஃபீஸ் தனியாக, கோர்ட் ஃபீ தனியாக, டைப்பிங், நகல், குமாஸ்தா செலவு தனியாக எழுத வேண்டும். இது நாங்கள் புதிதாகக் கேட்பதல்ல: கட்சிக்காரரிடம் வாங்கிய பணம் ஃபீஸா செலவுக்கா என்று கணக்கில் குறிக்க வேண்டும் என்பது இந்திய பார் கவுன்சில் விதி. தேதியையும் லேசாக விடாதீர்கள். மூன்று வருடம் கழித்து மொத்தமாக எழுதித் தரும் ரசீது எந்த ஆண்டின் கணக்கிலும் ஒட்டாது.

ரொக்கம் இன்னொரு பள்ளம். பிரிவு 40ஏ(3)இன்படி ஒரே நாளில் ஒருவருக்கு ரூ.10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தத் தொகை முழுவதும் கழியாது. மிஞ்சியதுதான் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். ரூ.40,000 ரொக்கம் என்றால் நாற்பதும் போச்சு. 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு, செஸ் சேர்க்காமலே ரூ.12,000 கூடுதல் வரி. செக்கோ வங்கி வழியோ கேட்டு வாங்குங்கள்.

டிடிஎஸ் (பணம் தருபவரே வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது) என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். முந்தைய ஆண்டு விற்பனை 1 கோடி (மருத்துவர் போன்ற தொழில்முறையினருக்கு வரவு 50 லட்சம்) தாண்டியவர், உங்களுக்கு ஆண்டில் ரூ.50,000க்கு மேல் தொழில் வழக்கு ஃபீஸ் தந்தால் 10 சதவீதம் பிடித்தே ஆக வேண்டும். பிடிக்காவிட்டால் செலவில் 30 சதவீதம் அந்த ஆண்டு கழியாது. இரண்டு லட்சத்தில் அறுபதாயிரம். பிடித்த தொகை உங்கள் 26ஏஎஸ்ஸில் (உங்கள் பேரில் கட்டிய வரியைக் காட்டும் வரித்துறை அறிக்கை) வரவாக நிற்கும், உங்களுக்கு நட்டமில்லை. பிடிக்காமல் விட்டவரையும் மீட்கலாம்: நீங்கள் அந்த ஃபீஸை ரிட்டர்னில் காட்டி வரி கட்டியிருந்தால், அதை உறுதிசெய்து ஆடிட்டர் தரும் படிவம் 26ஏ சான்றுக்கு ஒத்துழையுங்கள்.

ஒரு தவறான பேச்சையும் நிறுத்த வேண்டும். ‘பில் தருகிறேன், வரியில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று எல்லோருக்கும் சொல்லாதீர்கள். 44ஏடி, 44ஏடிஏ பிரிவுகளின் உத்தேச வருமான முறையில் (வரவில் ஒரு பங்கை லாபமாக வைத்து வரி கட்டும் முறை) சுகம் ரிட்டர்ன் படிவம் போடுபவருக்கு எல்லாச் செலவும் கழிந்ததாகவே கணக்கு. வக்கீல் ஃபீஸைத் தனியாகக் கழிக்க இடமில்லை. மாறாக, புதிய வரி முறைக்குப் போனவருக்குத் தொழில் செலவு கழியாது என்பதும் பிழை. கணக்குப் புத்தகம் வைத்திருந்தால் கழியும்.

எதிர்த்தரப்பிடமிருந்து செலவுத் தொகை கிடைத்தாலோ, லோக் அதாலத் சமரசத்தில் கோர்ட் ஃபீ திரும்பினாலோ கட்சிக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். முன்பு கழித்த செலவு திரும்பி வந்தால், வந்த ஆண்டில் அது வருமானம்.

அடுத்த பொதுக்குழுவில் ஒரு மாதிரி ரசீதை ஏற்று, புத்தகமாக அச்சடித்து உறுப்பினர்களுக்குக் கொடுங்கள். மேலே சொன்ன விவரங்களை நிரப்ப அரைப் பக்கம் போதும். அடிக்கட்டை உங்கள் கணக்குக்கும் உதவும்.

இப்படிக்கு,
சிறுதொழில் செய்வோரின் வரிக் கணக்கு எழுதுவோர்