300 ஓம் ஹெட்ஃபோனுக்கு எந்த வால்வு ஆம்ப்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வால்வு (கண்ணாடி வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையர் வாங்குவோருக்கு உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த யோசனை, "வாட் கூடுதலாக உள்ளதை எடுங்கள்" என்று முடிகிறது. ஸ்பீக்கருக்கு அது ஓரளவு பொருந்தும். 300, 600 ஓம் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) உள்ள ஹெட்ஃபோன் வைத்திருப்பவர் அதை நம்பிப் போனால் பணம்தான் வீண்.

சென்ஹைசர் எச்.டி. 650-ஐ எடுத்துக்கொள்வோம். 300 ஓம், 1 வோல்ட்டுக்கு 103 டெசிபல் என்பது நிறுவனமே தரும் அளவு. இசையின் உச்சங்களுக்கு 110 டெசிபல் என்று வைத்தால் 2.2 வோல்ட் வேண்டும். வாட் கணக்கில் அது வெறும் 17 மில்லிவாட். பேயர்டைனமிக் டி.டி. 880-இன் 600 ஓம் வகை 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் தரும். 110 டெசிபலுக்கு 25 மில்லிவாட், அதாவது 3.9 வோல்ட், 6.5 மில்லிஆம்பியர். அதே டி.டி. 880-இன் 32 ஓம் வகைக்கும் 25 மில்லிவாட்தான். ஆனால் 0.9 வோல்ட்டில் 28 மில்லிஆம்பியர் இழுக்கும். வாட்டை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று, வால்வுக்கு ஒன்றல்ல. வால்வால் வோல்ட் தாராளமாகத் தர முடியும், மில்லிஆம்பியர் தரத்தான் திணறும்.

வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாத, ஓ.டி.எல். எனப்படும் வகை 300 ஓமுக்கு மேல் நன்றாகப் பொருந்துவது இதனால்தான். பாட்டில்ஹெட் கிராக் போன்ற கிட்களில் 12ஏ.யூ.7 என்ற வால்வு வோல்ட்டைப் பெருக்கும், 6080 என்ற வால்வு கேத்தோடு ஃபாலோயராக (வோல்ட்டைப் பெருக்காமல் மின்னோட்டம் கொடுக்கும் கட்டமாக) நின்று ஹெட்ஃபோனை ஓட்டும். 6080-இன் பிளேட் ரெசிஸ்டன்ஸ் (வால்வின் உள்தடை) 280 ஓம், பெருக்கம் 2. ஃபாலோயரின் வெளியீட்டு இம்பீடன்ஸ், 280-ஐ 3-ஆல் (பெருக்கத்தோடு 1 கூட்டி) வகுத்த 93 ஓம். 12ஏ.யூ.7-ஐயே ஃபாலோயராகப் போட்டால் அதே முறையில் 7700-ஐ 18-ஆல் வகுக்க வேண்டும்: 428 ஓம், ஹெட்ஃபோனின் 300-ஐயே மிஞ்சிவிடும். இரண்டு 12ஏ.யூ.7 மட்டும் வைத்து, கடைசிக் கட்டத்தைச் சாதாரண ஃபாலோயராக அமைத்து, "ஹெட்ஃபோன் ஆம்ப்" என்று விற்கும் பெட்டிகளை ஒதுக்கச் சொல்வது இந்தக் கணக்கினால்தான்.

93 ஓம் அதிகமில்லையா என்று கேட்கலாம். எச்.டி. 650-இன் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் 300 அல்ல. 100 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் சுமார் 500 வரை ஏறும். 100 ஓம் ஆம்பில் மாட்டினால் அந்த இடத்தில் பேஸ் ஏறக்குறைய 1 டெசிபல் தூக்கலாக வரும். "வால்வின் வெதுவெதுப்பு" என்று சிலாகிக்கப்படுவதில் ஒரு பங்கு இந்த 1 டெசிபல்தான். பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. அது வேண்டாம் என்பவர், இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள், அதாவது 300 ஓமுக்கு 37 ஓமுக்குள் உள்ள ஆம்பைத் தேட வேண்டும். 6080-க்குள் உள்ள இரு டிரையோடுகளையும் (தனித்தனி வால்வுப் பகுதிகள்) இணையாகப் போட்டால்கூட 47-தான். ஒயிட் ஃபாலோயர் (இரண்டு டிரையோடுகள் சேர்ந்து ஓட்டும் ஃபாலோயர்) அமைப்பு அதைவிடக் கீழே போகும்.

விற்பவர் இந்த எண்ணைச் சொல்லாவிட்டால் வீட்டிலேயே அளந்துவிடலாம். கைபேசியை ஆம்பில் இணைத்து 200 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிடுங்கள். சாதாரண மல்டிமீட்டர் அந்த அதிர்வெண்ணில் சரியாகக் காட்டும். 1000 ஹெர்ட்ஸில் பல மலிவு மீட்டர்கள் பொய் சொல்லும். ஹெட்ஃபோன் மாட்டாமல் வெளியீட்டை ஏ.சி. 1 வோல்ட்டுக்கு வையுங்கள். பிறகு 300 ஓம் ரெசிஸ்டரை வெளியீட்டின் குறுக்கே போட்டு மறுபடி பாருங்கள். முதல் அளவை இரண்டாவதால் வகுத்து, 1-ஐக் கழித்து, 300-ஆல் பெருக்கினால் விடை. 0.75 வோல்ட்டாக இறங்கினால் 100 ஓம்.

ஓ.டி.எல். ஆம்பில் வெளியீட்டுக் கெபாசிட்டர் ஒன்று பெரும்பாலும் இருக்கும். வால்வின் வெளியீட்டு முனையான கேத்தோடில் பல பத்து வோல்ட் டி.சி. நிற்கிறதல்லவா, அது ஹெட்ஃபோனுக்குப் போகாமல் தடுக்கத்தான். 100 மைக்ரோஃபாரட், 10 ஓம் வெளியீடு என்று வைத்தால் 300 ஓம் ஹெட்ஃபோனில் பேஸ் 5 ஹெர்ட்ஸில்தான் 3 டெசிபல் குறையும். 32 ஓமில் 38 ஹெர்ட்ஸிலேயே குறைந்துவிடும். 100 ஓம் வெளியீடு என்றால் வேறு தொல்லை: 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு நாலில் ஒரு பங்கு வோல்ட்தான் போய்ச் சேரும். இரண்டு வகை ஹெட்ஃபோனும் வைத்திருப்பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள வால்வு ஆம்புக்குப் போவதே மேல். விலையும் எடையும் கூடத்தான் செய்யும்.

கெபாசிட்டருக்குப் பின்னால் 1 முதல் 10 கிலோஓம் வரை ஒரு ரெசிஸ்டர் பூமிக்குப் போகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஜாக்கைச் செருகும்போது 'டப்' என்று அடிக்கும்; மெல்லிய காயிலுக்கு அது நல்லதல்ல. ஆன் செய்து ஐந்து நிமிடம் கழித்து வெளியீட்டில் டி.சி. அளந்தால் சில மில்லிவோல்ட் இருக்கலாம். 50-ஐத் தாண்டினால் கெபாசிட்டர் கசிகிறது என்று பொருள், மாற்றுங்கள். ஆம்பை ஆன் செய்து ஒரு நிமிடம் கழித்தே ஹெட்ஃபோனை எப்போதும் மாட்ட வேண்டும்.

பெருக்கத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2 வோல்ட் தரும் டி.ஏ.சி.யிலிருந்து (டிஜிட்டல் இசையை ஆம்புக்கான சிக்னலாக மாற்றும் கருவி) வந்தால் 600 ஓமுக்கும் 3 மடங்கு போதும். 10 மடங்குள்ள ஆம்பில் வால்யூம் குமிழைத் தொடக்கத்திலேயே நிறுத்த வேண்டி வரும். அந்த இடத்தில் இடது வலது சமமாக இருக்காது, இரைச்சலும் எழும்.

வால்வுக்கு அடியில் ஆரஞ்சு எல்.இ.டி. எரியும் மலிவு பெட்டிகளில் பெரும்பாலும் ஹெட்ஃபோனை ஓட்டுவது ஐ.சி.தான். ஒலி மோசம் என்று சொல்ல வரவில்லை. வால்வுக்கென்று கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

வால்வு மாற்றிப் பார்ப்பவர்களுக்கு: ஈ.சி.சி.88 வால்வுக்குப் பதில் 6என்1பி வால்வு செருகினால் பின்கள் பொருந்தும், ஆனால் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் இழை) 365 மில்லிஆம்பியருக்குப் பதில் 600 இழுக்கும். ட்ரான்ஸ்ஃபார்மர் அதற்கென்று சுற்றப்படாவிட்டால் கருகலாம்.

கடைசியாக, நம் மின்சாரம். 220 வோல்ட்டுக்குச் சுற்றிய ட்ரான்ஸ்ஃபார்மருக்கு இரவில் 245 வந்தால் 6.3 வோல்ட் ஹீட்டர் 7 ஆகிவிடும். பொதுவாக 10 சதவீதம்தான் தாங்கும், அதாவது 6.9. ஹீட்டர் பின்களில் அளந்து பாருங்கள். ட்ரான்ஸ்ஃபார்மரில் 230 அல்லது 240-க்கான டேப் (தனி இணைப்பு முனை) இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லையென்றால், 6080 ஒன்றே 2.5 ஆம்பியர் இழுப்பதால், அதன் ஹீட்டர் கம்பிகள் இரண்டிலும் தலா 0.12 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் போட்டால் 0.6 வோல்ட் இறங்கும். உள்ளே கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஃபில்டர் கெபாசிட்டரை 10 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டரால் இறக்கி, மீட்டரில் சுழியம் வந்ததைப் பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆடியோ கருவிகள் பழுதுபார்க்கும் வாசகர்,
கோயம்புத்தூர்