கால்வாய்க் கரையோரம் ஒரு கிரவல் பாதை: மகளுக்குக் கடிதம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். ஜூன் மாதம் ரொறன்ரோவிலிருந்து சைக்கிளோடு வந்து இறங்கி, பத்து நாள் பிரான்சின் நாட்டுப்புறத்தில் 'கிரவல்' பாதைகளில் ஓடப் போவதாகவும், கார் வராத பாதை ஒன்றைச் சொல்லும்படியும் எழுதியிருந்தாய். அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் கிரவல் றோட்டு என்றால் தார் போட யாரும் முன்வராத றோட்டு; மழைக்குச் சேறு, வெயிலுக்குச் செம்புழுதி. அதில் ஓடுவதற்கென்றே தனியாகச் சைக்கிள் செய்து விற்பார்கள் என்று என் பதினாறு வயதில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

லுவார் ஆற்றங்கரையையும் தெற்கே உள்ள 'மிதி' (Midi) கால்வாயையும் நீ குறித்து வைத்திருக்கிறாய். இரண்டையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லுவார்ப் பாதையில் பல இடங்களில் ஊர் றோட்டுகளில் கார்களோடு சேர்ந்தே ஓட வேண்டும். கோடையில் கூட்டமும் அதிகம். மிதி கால்வாயோ துலூஸ் பக்கத்தில் வழவழப்பான தார், அதைத் தாண்டினால் மரவேர்கள் புடைத்த ஒற்றையடிப் பாதை. 2006-இல் ஒரு பூஞ்சை நோய் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அதன் கரை மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டி வருகிறார்கள், ஆகவே முன்பிருந்த நிழலும் இல்லை. நான் சொல்வது பிரெத்தாஞ் மாகாணத்து நாந்த்–பிரெஸ்ட் கால்வாய். கடையில் லீவு கிடைத்தபோதெல்லாம் துண்டு துண்டாக ஓடி முடித்த பாதை என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

ஆங்கிலேயக் கடற்படை பிரெஸ்ட் துறைமுகத்தை மறித்து நின்ற காலத்தில், கப்பல் தளத்துக்கு வேண்டிய பொருட்களைக் கடலைத் தொடாமலே உள்நாட்டு வழியாகக் கொண்டுபோக நெப்போலியன் போட்ட திட்டம் அது. 1811-இல் வேலை தொடங்கியது, முடிந்தபோது 1842. அதற்குள் நெப்போலியனும் இல்லை, போரும் இல்லை. கொஞ்சக் காலம் கற்பலகையும் சுண்ணாம்பும் ஏற்றிய படகுகள் போய்வந்தன. பிறகு ரயில் வந்து அந்தப் பிழைப்பையும் பறித்துக்கொண்டது. ஆனால் படகுகளைக் குதிரைகளும் மனிதர்களும் கயிறு கட்டி இழுத்துச் சென்ற கரைப்பாதை மட்டும் அப்படியே எஞ்சியது. 'அலாஜ்' என்று இவர்கள் சொல்லும் அந்தப் பாதையில்தான் நீ ஓடப் போகிறாய்.

ஏறத்தாழ 360 கிலோமீற்றர் நீளக் கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகள் இருநூற்றுக்கும் மேல் இருந்தன. பிரெஞ்சில் 'எக்லூஸ்' என்பார்கள். ஓடும்போது அதன் கணக்கு உனக்குக் காலில் தெரியும்: ஒரு எக்லூசிலிருந்து அடுத்தது வரை தண்ணீர் மட்டம் ஒன்றே ஆகையால் பாதையும் மட்டம், எக்லூசை நெருங்கியதும் ஓர் ஆள் உயரத்துக்கோ அதற்குச் சற்று மேலோ சின்ன ஏற்றம், மறுபடி மட்டம். ஒவ்வொன்றின் அருகிலும் காவலாளி குடியிருந்த சிறிய வீடு நிற்கும். அதன் சுவரில் எக்லூசின் பெயரும், முந்தியதும் பிந்தியதும் எவ்வளவு தூரம் என்பதும் எழுதிய தகடு இருக்கும். தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அந்தத் தகடுகளைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

நாந்த் நகரிலிருந்தே ஓடத் தொடங்காதே. எர்துர் ஆற்றின் ஓரம் தொடர்ச்சியான பாதை கிடையாது, றோட்டுகளில்தான் சுற்ற வேண்டும். நாந்த்திலிருந்து ஷாத்தோப்ரியானுக்குப் போகும் டிராம்-ரயிலில், கூட்டமில்லாத நேரம் பார்த்து, நோர்-சுர்-எர்துர் வரை போய் இறங்கு. கால்வாய் அதன் அருகில்தான் ஆற்றை விட்டுப் பிரிகிறது. பிளேன் வழியாக ரெதோன் வரை பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாடுகள், பாப்ளர் மரங்கள், தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் கிழவர்கள். ரெதோனுக்குப் பிறகு கால்வாய் ஊஸ்ட் ஆற்றோடு சேர்ந்து போகும். மாலெத்ருவாவில் ஓர் இரவு தங்கு. ஜோஸ்லனில் பாதை திரும்பியதும் கோட்டையின் மூன்று வட்டக் கோபுரங்கள் தண்ணீரிலிருந்தே எழுந்தவை போல எதிரே நிற்கும். ரோஆன் குடும்பத்தார் இன்றும் அதை வைத்திருக்கிறார்கள்.

ரோஆன் ஊரிலிருந்து போந்திவி வரை எக்லூஸ்கள் படிக்கட்டுப் போல நெருங்கி வரும். அங்கே அவசரப்படாதே. மேட்டின் உச்சியில் கால்வாய்க்கு ஆறு எதுவும் இல்லாததால், வடக்கே கட்டிய ஒரு நீர்த்தேக்கத்திலிருந்து அறுபது கிலோமீற்றருக்கும் மேல் வளைந்து வளைந்து வரும் ஒரு சின்ன ஊட்டுவாய்க்காலை அந்தக் காலத்தில் வெட்டியிருக்கிறார்கள். இல்வெர்ன் என்று பெயர். நேர்கோட்டில் பார்த்தால் தூரம் அதில் பாதிகூட வராது; தண்ணீர் மெல்லச் சரிந்து வர வேண்டுமே என்று குன்றுகளைச் சுற்றிச் சுற்றிக் கொண்டு வந்தார்கள். அதன் கரையிலும் ஓடலாம். ஒரு முழு நாளை அதற்கென்று ஒதுக்கி வை. வயல்களுக்கு நடுவே வெண்மணல் பாதை, ஒரு பக்கம் வாய்க்கால், தலைக்கு மேல் ஓக் மரக்கிளைகள். நான் போன நாளில் இரண்டு மணிநேரத்தில் எதிர்ப்பட்டது ஒரு குதிரைக்காரி மாத்திரமே.

போந்திவிக்கு மேலே பிளாவே ஆற்றை மறித்துக் கெர்லெதான் அணை நிற்கிறது. 1930-இல் அது நிரம்பியபோது பதினேழு எக்லூஸ்கள், காவலாளி வீடுகளோடு சேர்த்து, நீருக்குள் போய்விட்டன. பிரெஸ்டுக்குப் போகும் கால்வாய் அங்கேயே அறுந்தது. 2015-இல் பராமரிப்புக்காக ஏரியை வடித்தபோது ஊரே திரண்டு வந்து பார்த்தது. நானும் போனேன். வெடித்த சேற்றுக்கு நடுவே கூரையில்லாத வீடுகளும், வாசற்படியும், படகு கட்டும் இரும்பு வளையமும் அப்படியே இருந்தன. இப்போது அவை மீண்டும் தண்ணீரின் அடியில். பாதை அணையைச் சுற்றி மேலே ஏறி ஒரு பழைய ரயில் தடத்தைப் பிடித்துக்கொண்டு, போன்-ரெப்போ மடாலயத்துக்கு அருகே கால்வாயோடு மறுபடி சேரும். அதற்கப்பால் குளோமெலில் குன்றைப் பிளந்து வெட்டிய ஆழமான வாய்க்கால் வரும். படையிலிருந்து ஓடிப் பிடிபட்ட சிப்பாய்களைக் கைதிகளாக வைத்து, 1823 முதல் கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகள் மண்வெட்டியாலும் கூடையாலும் வெட்டுவித்தது. நண்பகலிலும் அங்கே குளிரும்.

சைக்கிள் விஷயம். என் முதல் பயணத்தில் நகரத்துச் சைக்கிளின் மெல்லிய ரயரோடு போய், மாலெத்ருவாவுக்கு அப்பால் மழையில் மாட்டிக்கொண்டேன். இங்கே பாதைக்குப் போடுவது நம்மூர்ச் செம்மண் கிரவல் இல்லை. அழுத்தி இறுக்கிய கருங்கல் மணல். காய்ந்திருந்தால் தார் போல ஓடும். நனைந்தாலோ அரைத்த மாவு போலச் சங்கிலியில் அப்பிக்கொண்டு நறநறவென்று அரைக்கும். 40 மில்லிமீற்றர் ரயர் போடு, காற்றைக் கொஞ்சம் குறைத்து வை, மட்கார்ட்டைக் கழற்றாதே. மாலையில் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விடாமல் படுக்காதே. றோட்டைக் கடக்கும் இடங்களில் கார் நுழையாதபடி கம்பித்தடுப்பு இருக்கும். பக்கவாட்டுப் பைகளோடு வேகமாகப் போனால் இடித்துக்கொள்வாய். நான் இடித்துக்கொண்டேன், முழங்கால் இன்னமும் சொல்கிறது.

கார் வராது என்பதால் பாதை முழுவதும் உனக்கு என்று எண்ணாதே. சட்டப்படி அது நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் சேர்த்துத்தான். குதிரையைப் பின்னாலிருந்து நெருங்கும்போது மணி அடிக்காமல் தூரத்திலேயே 'போன்ஜூர்' சொல். மனிதக் குரலுக்கு அது மிரளாது.

சாப்பாட்டை நம்பிப் போகாதே. ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகும் திங்கட்கிழமையிலும் கிராமங்களில் பாண்கடைகூடப் பூட்டியிருக்கும். ஒரு திங்கட்கிழமை முழுவதும் அம்மா கட்டித் தந்த நாலு ரொட்டியிலும் கட்டைச் சம்பலிலும் ஓட்டினேன். தண்ணீருக்குப் பயப்பட வேண்டாம்: கல்லறைத் தோட்டத்துக் கதவைத் திறந்தால் பூச்செடிக்கென்று ஒரு குழாய் இருக்கும். குடிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போத்தலை நிரப்பு, வெளியே வரும்போது கதவைச் சாத்து.

கர்ஹேயில் கால்வாயை விட்டுவிடு. பிரெத்தாஞ்சின் சின்ன ரயில்கள் ஓடி 1967-இல் நின்றுபோன தடம் ஒன்று அங்கிருந்து வடக்கே மொர்லே வரை ஏறத்தாழ 45 கிலோமீற்றர் போகிறது. நீராவி இயந்திரம் ஏறுவதற்காகப் போட்ட தடம் என்பதால் ஏற்றம் இருந்தாலும் மூச்சு வாங்காது. மொர்லேயில் பாரிஸ் ரயில் கிடைக்கும். சைக்கிளுக்கான இடங்கள் கொஞ்சம்தான், ஆகவே திகதி முடிவானதும் எனக்கு எழுது, நானே பதிந்துவிடுகிறேன்.

அந்தக் கடைசி நாள் உன்னோடு ஓட அப்பாவுக்கு ஆசை. முதல் நாளே ரயிலில் கர்ஹேக்கு வந்து நிற்பேன். முழங்காலைப் பற்றி அம்மா ஏதாவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. வரும்போது என் சைக்கிளுக்கு ஒரு நல்ல மணி வாங்கி வா. பழையதை உன் மருமகன் கழற்றி விளையாடுகிறான்.

அன்புடன்,
அப்பா