அவளுடைய இரசாயனவியல் கொப்பி

கோண்டாவில்,
சனிக்கிழமை இரவு

என்ரை குஞ்சுக்கு,

வியாழக்கிழமை நீ பேராதனையிலிருந்து எடுத்தபோது நான் ஒழுங்காகக் கதைக்கவில்லை. உன் அறையில் இருக்கிற மாத்தறைப் பிள்ளை, அம்மா எந்த வருடம் ஏ.எல். சோதினை எடுத்தவ, கடைசி நாள் பள்ளிக்கூடத்தில் என்ன செய்தவை என்று கேட்டாளாம். நீ அதை என்னிடம் கேட்க, நான் வழக்கம்போல ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தத் தொடங்கிவிட்டேன். நீ "ம்ம்" என்றாய். பிறகு "சரி அம்மா, லெக்சர் இருக்கு" என்று வைத்துவிட்டாய். இரவு எட்டரைக்கு என்ன லெக்சர்?

அந்த "ம்ம்" எனக்கு நன்றாக விளங்கும். 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தபோது, நீ ஃபோன் வெளிச்சத்தில் படித்துக்கொண்டு ஒரு சார்ஜர் லைட் கேட்டாய். நான் வாங்கித் தராமல் விளக்குக் கதை சொன்னேன். "அம்மா, உங்கட சண்டையைக் கொண்டுவந்து என்ரை தலையிலை வைக்காதேங்கோ" என்றாய். மூன்று நாள் நான் உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நீ சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு கோபம்.

அந்தக் கதையை நான் வருடா வருடம் என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனைய மட்டும் மண்ணெண்ணெய், உள்ளே சின்னத் திரி, போத்தலே சிமினி. 1990இல் கரண்ட் போனது. பொருளாதாரத் தடையால் எண்ணெய்க்கும் பற்றரிக்கும் பசளைக்கும் சீமெந்துக்கும் தட்டுப்பாடு. இவ்வளவும் உண்மை. நான் சொல்லாமல் விடுகிற உண்மை, அந்த விளக்கின் முன்னால் நான் பாதி இரவு நித்திரைதான் கொண்டேன் என்பது. ஒருமுறை நெற்றி மயிர் கருகி அம்மம்மா ஓடி வந்தா. நித்திரை கொள்ளாத இரவுகளில் இரசாயனவியலுக்குள் வைத்துக் கதைப்புத்தகம் வாசித்தேன். அந்த எண்ணெயை மிச்சம் பிடிக்க அம்மம்மா பொச்சுமட்டையும் பனம் மட்டையும் எரித்துப் புகைக்குள் சமைத்தா. அவவைப் பற்றி ஒரு வகுப்பிலும் நான் சொன்னதில்லை.

இன்னொன்று. பொம்பர் சத்தம் கேட்டால் நாங்கள் சந்தோசப்பட்டதும் உண்டு. வகுப்புச் சோதினை நாளில் சியாமாசெட்டி விமானம் சுற்றினால் "இண்டைக்குத் தப்பினோமடி" என்று பங்கருக்குள் சிரித்திருக்கிறோம். பதினேழு வயது. எங்கேயோ குண்டு விழுகிறது, அது எங்கள் மேல் இல்லை, சோதினையும் இல்லை.

அந்தச் சிரிப்பு 1995 ஆடியோடு நின்றது. அதற்கு முன், தை (ஜனவரி) 8ஆம் திகதி தொடங்கிச் சித்திரை (ஏப்ரல்) 19 வரை, சந்திரிகா அரசாங்கத்தோடு பேச்சுவார்த்தை நடந்த அந்த நூறு நாள் வேறு மாதிரி. கொழும்பிலிருந்து வந்த ஒரு மாமா கண்டோஸ் சொக்கலேற் கொண்டுவர, அதை நகத்தளவு துண்டாக்கி வகுப்பு முழுக்கப் பங்கிட்டோம். எல்லோரும் ஓட்டோகிராப் தொடங்கினார்கள். நான் தொடங்கவில்லை, கடைசி வருடம் வரட்டும் என்று இருந்தேன். ஆடி (ஜூலை) 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் குண்டு போட்டார்கள். இடம்பெயர்ந்து வந்து தஞ்சம் இருந்த சனம், நூறுக்கும் மேலே. எங்கள் வகுப்பில் ஒருத்தி நவாலி. அதன்பிறகு அவளுடைய வாங்கில் யாரும் இருக்கவில்லை. அவளுக்கு மரியாதை என்று யாரும் தீர்மானிக்கவில்லை. இருக்கப் பயம், அவ்வளவுதான்.

இப்போது கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ சின்னதில் ஒருமுறை என் அலுமாரியில் எடுத்து, "இது உங்கட எழுத்து இல்லையே" என்று கேட்ட அந்த நீல மட்டை சீ.ஆர். கொப்பி. சிநேகிதியினுடையது என்று சொல்லி வாங்கி வைத்துவிட்டேன்.

கரண்ட் இல்லாத ஊரில் ஃபோட்டோக்கொப்பி இல்லை. ஒருத்தி நல்லாக நோட்ஸ் எடுத்தால் மற்றவர்கள் இரவல் வாங்கிக் கையால் பார்த்து எழுத வேண்டும். எங்கள் வகுப்பில் அவள்தான் நோட்ஸ்காரி. ரியூசன் கொட்டிலில் முந்நூறு பேருக்கு நடுவில் சேர் மைக் இல்லாமல் கத்துவதை அவள் ஒரு வசனம் விடாமல் எழுதுவாள். தாள் தட்டுப்பாடு, அதனால் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, மார்ஜின் முழுக்கத் தாக்கச் சமன்பாடு. பென்சீன் வளையத்தை மட்டும் பெரிதாகக் கீறுவாள். "அதுக்கு இடம் வேணுமடி, அது வடிவு" என்பாள். 1995 ஐப்பசி (ஒக்டோபர்) 27, வெள்ளிக்கிழமை, அவளுடைய சேதன இரசாயனக் கொப்பியை நான் வாங்கி வந்தேன். திங்கள் தருகிறேன் என்று சொன்னேன்.

திங்கள் ஐப்பசி 30. அன்று பின்னேரம் புலிகள் இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தது, யாழ்ப்பாண நகரோடு சேர்ந்த வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும் என்று. அந்த இரவைப் பற்றி அம்மம்மா உனக்கு நிறையச் சொல்லியிருக்கிறா. மழை, செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம், ஒரு அடி வைக்கப் பத்து நிமிடம், வானத்துக்குக் குடையை மலர்த்திப் பிடித்து அதில் விழுந்த தண்ணீரைக் குடித்த சனம். நாலைந்து இலட்சம் பேர் ஒரே திசையில் நடந்தோம். என் சைக்கிளில் அரிசியும் ஒரு பானையும். கொப்பி சொப்பிங் பையில் சுற்றி என் வயிற்றோடு. என் சொந்தக் கொப்பிகளை நான் எடுக்கவில்லை. ஏன் அதை மட்டும் எடுத்தேன் என்று கேட்டால், இரவல் பொருள் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

மார்கழி முடிந்து தையில் சாவகச்சேரியில் ஒரு வளவுக் கிணற்றடியில் அவளைக் கண்டேன். தண்ணீருக்கு வரிசை. வாளியை வைத்துவிட்டு ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். இரண்டு பேரும் அழுதோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "என்ரை கொப்பி இருக்கே?"

நான் சொன்னேன், "வீட்டிலை விட்டிட்டு வந்திட்டனடி."

பிள்ளை, அப்போது அது நூறு யார் தூரத்தில் எங்கள் கொட்டிலில் இருந்தது. நான் அரைவாசிதான் பார்த்து எழுதியிருந்தேன். கேட்டிருந்தால் இன்னும் ஒரு கிழமை தந்திருப்பாள், அவள் அப்படிப்பட்டவள். ஆனால் என் வாய் முந்திவிட்டது. அடுத்த கிழமை "கிடைச்சிட்டுதடி, அம்மாவின்ரை பைக்குள்ளை இருந்தது" என்று சொல்லிக் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன். அவள் ஒரு கணம் பேசாமல் நின்றாள். பிறகு "சரி விடு, திரும்பிப் போனால் எடுத்துத் தா" என்றாள். தன் முறை வந்ததும் எனக்கும் ஒரு வாளி அள்ளித் தந்துவிட்டுப் போனாள்.

அடுத்த கிழமையும் எழுதி முடியவில்லை. அதற்கடுத்த கிழமை அவர்கள் மீசாலைப் பக்கம் மாறிவிட்டார்கள். சித்திரையில் ஆமி நாங்கள் இருந்த தென்மராட்சிக்கு வர, சனம் இரண்டாகப் பிரிந்தது. பாதி திரும்பி வலிகாமத்துக்கு, பாதி கிளாலிக் கடலால் வன்னிக்கு. அவளுடைய அப்பா வன்னி என்று முடிவெடுத்தாராம். நாங்கள் வீட்டுக்கு வந்தோம். கதவு இல்லை, அலுமாரியில் ஒரு தாள் இல்லை. உண்மையாகவே அந்தக் கொப்பியை வீட்டில் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும். இந்த நியாயத்தை எனக்கு நானே எத்தனை வருடமாகச் சொல்லிவருகிறேன் தெரியுமா? ஒரு தரமும் எடுபடவில்லை.

உன் சிநேகிதி கேட்ட கடைசி நாளுக்கு வருகிறேன்.

1996 ஆடி முடிவு. சோதினைக்கு முதல் வகுப்பு விடுகிறார்கள். பிரியாவிடைச் சோசல் இல்லை, குறூப் ஃபோட்டோ இல்லை. நாற்பத்து மூன்று பேராகத் தொடங்கிய வகுப்பில் பத்தொன்பது பேர் இருந்தோம். ரீச்சர் புது வரவு இடாப்பில் பத்தொன்பது பேரைக் கூப்பிட்டு முடித்துவிட்டுப் போய்விட்டா. பழைய இடாப்பு இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. அப்போது யாரோ ஒருத்தி, "பழைய இடாப்பு ஒழுங்கு ஞாபகம் இருக்கே?" என்று தொடங்கினாள். இரண்டு வருடம் தினமும் காலையில் கேட்ட ஒழுங்கு, எப்படி மறக்கும்? பாட்டு மாதிரி வந்தது. ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் எடுத்தாள்.

எழுதத் தாள் கேட்டார்கள். என் பையில் இருந்தது அந்தக் கொப்பி ஒன்றுதான். முன்மட்டையைக் கீழே போட்டு, தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து எழுதத் தொடங்கினேன். யாரும் முன்பக்கத்தைக் கேட்கவில்லை. நான் இரண்டு கையாலும் அமத்திப் பிடித்திருந்தேன்.

ஒவ்வொரு பெயருக்கும் நேரே இடம். வன்னி பதினொரு பேர். கொழும்பு ஐந்து. வெளிநாடு மூன்று, அதில் கனடா இரண்டு, சுவிஸ் ஒன்று. ஒருத்திக்குக் கலியாணம். நவாலிக்காரிக்கு நேரே என்ன எழுதுவது என்று ஒருவரும் சொல்லவில்லை, ஊரை மட்டும் எழுதினேன். மூன்று பேர் இயக்கத்துக்குப் போனவர்கள். அதை எழுத முடியாது. வீட்டுக்குப் போகிற வழியில் மூன்று ஆமிச் சென்ரி, பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். வாய் துடுக்கான ஒருத்தி "மாமி வீடு எண்டு எழுது" என்றாள். மூன்று பேருக்கும் மாமி வீடு என்று எழுதினேன். பெருத்த சிரிப்பு. அன்றைக்கு நாங்கள் சிரித்தது அதற்குத்தான். ஒருத்தி கொண்டுவந்த எள்ளுப்பாகைச் சாப்பிட்டோம். எழுதியவள் நான் என்பதால், கொப்பிக்காரியின் பெயருக்கு நேரே "வன்னி" என்று எழுதியதும் நான்தான். அவளுடைய கொப்பியில்.

சோதினை நடந்தது. புரட்டாதி (செப்டெம்பர்) 7, சனிக்கிழமை, இரசாயனவியல். சேதன இரசாயனக் கேள்வியை நான் அவளுடைய மார்ஜினை நினைத்து நினைத்து எழுதினேன். அதே நாள் அதே வினாத்தாளை எழுதிவிட்டு வீட்டுக்குத் திரும்பிய சுண்டுக்குளிப் பிள்ளை, கிருசாந்தி குமாரசுவாமி, கைதடிச் சென்ரியில் மறிக்கப்பட்டாள். பதினெட்டு வயது. தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. நான்கு பேரையும் செம்மணியில் தாட்டிருந்தார்கள். எனக்கு அவளைத் தெரியாது. மிச்சச் சோதினை நாட்களில் தாத்தா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய், முடியும்வரை மதிலோடு நின்றார். 2025இல் செம்மணிச் சித்துப்பாத்தியில் தோண்டியபோது ஒரு சின்ன எலும்புக்கூட்டோடு நீலப் புத்தகப்பை ஒன்று வந்ததே, அந்தப் படத்தை நீ எனக்கு அனுப்பினாய். நான் பதில் போடவில்லை. அன்றைக்குத்தான் பல வருடத்துக்குப் பிறகு இந்தக் கொப்பியை எடுத்துத் திறந்தேன்.

எனக்கு மருத்துவம் கிடைக்கவில்லை, வெட்டுப்புள்ளிக்குக் கிட்டவும் போகவில்லை. கோப்பாய் ஆசிரியர் கலாசாலைக்குப் போய் விஞ்ஞான ரீச்சர் ஆனேன். அது எனக்குக் குறை இல்லை. ஆனால் இரசாயனவியலில் வந்த புள்ளியை நான் ஒருவருக்கும் பெருமையாகச் சொன்னதில்லை, கவனித்திருப்பாய்.

2009க்குப் பிறகு செட்டிகுளம் முகாமிலிருந்து வந்த பலரிடம் கேட்டேன். ஒருத்தி மல்லாவியில் கண்டதாகச் சொன்னாள், இன்னொருத்தி புதுக்குடியிருப்பு என்றாள், அந்தப் பெயரில் இரண்டு மூன்று பேர் இருந்திருக்கலாம். அவள் அந்த வருடம் சோதினை எழுதினாளா, எழுதினால் எந்த நோட்ஸைப் பார்த்துப் படித்தாள் என்பதுதான் எனக்கு முதலில் வருகிற கேள்வி. உயிரோடு இருக்கிறாளா என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது. இதையும் உன்னிடம்தான் சொல்கிறேன்.

அப்பாவுக்கு இந்தக் கதை தெரியாது. உன் சிநேகிதிக்கு எவ்வளவு சொல்வது என்பது உன் விருப்பம். பட்டியலை மட்டும் படம் எடுத்து எங்கேயும் போடாதே. அதில் மாமி வீட்டுக்குப் போன ஒருத்தி திரும்பி வந்து, இப்போது மூன்று பிள்ளைகளோடு இருக்கிறாள். அவளுடைய பிள்ளைகளுக்கு அவள் சொல்லியிருக்கிறாளோ தெரியாது.

கொப்பியை பஸ்ஸில் அனுப்ப மனம் வரவில்லை. லீவுக்கு வரும்போது பார். தாள் பழுத்துவிட்டது, மெல்லப் புரட்ட வேண்டும். ஒடியல் மாவும் பருத்தித்துறை வடையும் இந்தக் கிழமை பக்கத்து வீட்டு அண்ணாவிடம் கொடுத்து விடுகிறேன். அதற்குள் ஒரு சார்ஜர் லைட்டும் இருக்கும். இப்போது உனக்குத் தேவையில்லை என்று தெரியும், பேசாமல் வாங்கி வை.

அம்மா