பயல்கள் பஞ்சாயத்து

லேய் மக்கா,

மஸ்கட் வெயிலை விசாரித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. இங்கே அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை, உங்கள் வீட்டு வரிக்கைப் பலாச்சக்கையில் பாதி என் வயிற்றுக்குள் போய்விட்டது. சரி, சங்கதிக்கு வருகிறேன். தங்கச்சிக்கு இன்னும் தெரியாது, போனில் சொன்னால் நீ கத்துவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் பயலையும் என் பயலையும் ஒரே பைக்கில் கோடை முகாமுக்குக் கொண்டுபோய் விட்டேனே, திரும்பக் கூப்பிடப் போனால் என் பயல் பஸ்ஸில் வருகிறேன் என்று முறுக்கிக்கொண்டு நிற்கிறான். விசாரித்தால் தக்கலைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று. நாடகப் பயிற்சியில் மூன்று பேரும் ஒரே குழுவாம். உன் மகன் அவளுக்குக் கவிதை எழுதியிருக்கிறான் (யாரைக் கொண்டு பிறந்திருக்கிறான் என்று நான் சொல்லவேண்டாம்), என்னுடையவன் அவள் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறான்.

உச்சக்கட்டம் மாத்தூர் தொட்டிப்பாலத்தில். அந்த நடைபாதைதான் உனக்குத் தெரியுமே, எதிரே ஆள் வந்தால் ஒதுங்கணும், அதில் அவளுக்குப் பின்னால் யார் போவது என்று இரண்டும் தோளால் இடித்துக்கொண்டிருக்கின்றன, 115 அடி உயரத்தில், கீழே பறளியாறு! கூடப்போன வாத்தியார் இரண்டு பேரையும் பாலத்தில் கால்வாய்த் தண்ணீர் போகிற தொட்டிக்குள் இறக்கி நடக்கவிட்டாராம். ஜூனில்தானே பேச்சிப்பாறை அணையைத் திறப்பார்கள், தொட்டி காய்ந்து கிடந்தது. அவள் மேலே நடந்தபடி கடலை தின்று தோலை இவன்கள் தலையில் போட்டுக்கொண்டே வந்தாளாம். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

சிரிப்பு அதோடு சரி. முகாம் முடிந்த பிறகும் அவள் உன் பயலுக்கு மெசேஜ் அனுப்புகிறாள், அதை அவன் மறைத்துவிட்டான். என் பயல் மரச்சீனியைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறான், மீன்குழம்பு ஆறிப்போகிறது. நேற்று ராத்திரி மொட்டைமாடியில், "அவ அவன்கிட்ட பேசினா பேசட்டும்பா, அவன் ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றான். பதில் வரவில்லை மக்கா. அடுத்து, "நீங்களும் மாமாவும் எப்பவாவது பேசாம இருந்திருக்கீங்களா?" முட்டம் விவகாரத்தை அவனிடம் எப்படிச் சொல்ல? நல்லவேளை, கரண்ட் போனது.

நம்மை அன்றைக்கு யாரும் கூப்பிட்டுப் பேசவில்லை, ஒரு வருஷம் சும்மா போனது. அதற்குக் காரணமானவளுக்கு நம் பெயரே இப்போது ஞாபகம் இருக்காது.

அதனால் உன் மகனைத் திட்டாதே. அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன், அப்பன் சொன்னால் எந்தப் பயல் கேட்கிறான்? நீ என் மகனைக் கூப்பிடு, வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே. முதலில் ஃபுட்பால் பேசு, அவனாகச் சொல்லும்வரை அந்தப் பிள்ளை பேச்சை எடுக்காதே. அப்புறம், முட்டத்தைச் சொல்வதானால் முழுசாகச் சொல், வழக்கம்போல என்னை வில்லன் ஆக்காமல்.