நாலாம் ஸ்தலத்தில் அம்மா

அன்புள்ள சாமு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. இடது கண்ணில் புரை எடுத்திருக்கிறேன். நாளைக்கு நாலு தடவை சொட்டு மருந்து, குனியக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது. நேற்றுத்தான் எழுதலாம் என்று சொன்னார்கள். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

மகளுக்குக் கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்தாயிற்று என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. போன தடவை பார்த்தபோது ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு ஓடிய பிள்ளை. ஈஸ்டர் முடிந்த வாரம்தானே கல்யாணம், நான் இரண்டு நாள் முன்னாலேயே நாசரேத் வந்துவிடுவேன். பந்தல் வேலைக்கு ஆள் தேவை என்றால் சொல், பெரியவனையும் கூட்டி வருகிறேன்.

சரி, உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன். எட்டு வருஷம் உதவி இயக்குநராக அலைந்தவன் முதல் படமாக ஆண்டவர் சிலுவையில் பட்ட பாடுகளை எடுக்கப் போகிறேன் என்று சொல்வது லேசான காரியம் இல்லை. நீ அவனிடம், "வேதத்தில் இருப்பதை மட்டும் எடு, ஒரு எழுத்து கூட்டாதே" என்று சொல்லியிருக்கிறாய். 2004இல் வந்த மெல் கிப்சனின் "தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்" படத்தைக் காட்டி, "இதில் பாதி வேதத்திலேயே கிடையாது" என்றும் எழுதியிருக்கிறாய். பாளையங்கோட்டை ஹாஸ்டல் மொட்டை மாடியில் நாம் விட்ட இடம் அதேதான். நீ புராட்டஸ்டண்ட், நான் கத்தோலிக்கன். ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களை நீ லெந்து காலம் என்பாய், நான் தவசு காலம் என்பேன். பெரிய வெள்ளிக்கு நீ மூன்று மணி நேரம் உட்கார்ந்து அவர் சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள் பற்றிய பிரசங்கம் கேட்பாய், நான் சிலுவைப் பாதையில், அவர் சிலுவை சுமந்த வழியை நினைக்கிற பதினாலு ஸ்தலத்திலும் முழங்கால் போடுவேன். இந்தத் தடவை கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது அம்மாவோடு. மூத்தவன் டிவிடி வாங்கி வந்திருந்தான். படத்தில் எல்லாரும் அரமேயத்திலும் லத்தீனிலும் பேசுகிறார்கள். வசனத்தை மொழிபெயர்த்தவர் வில்லியம் ஃபுல்கோ என்ற சேசு சபைக் குரு. கீழே எழுத்தே வேண்டாம் என்றுதான் கிப்சன் முதலில் நினைத்திருந்தார், பிறகுதான் சம்மதித்தார். எங்கள் வீட்டில் ஓடியதில் கீழே இங்கிலீஷ் எழுத்து. அம்மாவுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லலாம் என்றிருந்தேன்.

அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று, சாமு. சிலுவையைத் தோளில் வைத்ததும் அம்மா ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவர் விழுந்தார். "மூணாம் ஸ்தலம்" என்றாள். மாதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினாள். "நாலாம் ஸ்தலம்." சீமோன் வந்தார், அவர் முகத்தைத் துடைக்க வெரோனிக்காள் துணியோடு வந்தாள், ஒவ்வொன்றுக்கும் எண் சொல்லிக்கொண்டே போனாள். சிலுவையில் தொங்கியபடி அவர் "ஏலி, ஏலி" என்று கூப்பிட்டபோது அந்த ஒரு வரி அவளுக்குச் சொல்லாகவே புரிந்தது. மற்றதெல்லாம் எழுபது வருஷமாக முழங்காலில் நின்று பார்த்த படம் அவளுக்கு.

மூன்று தடவை விழுந்ததும், தாயைச் சந்தித்ததும், வெரோனிக்காளும் மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு சுவிசேஷத்திலும் இல்லை. நீ சொல்வது சரிதான். 1991 பெரிய வெள்ளியன்று ரோமில் கொலோசியத்தில் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசரே, சுவிசேஷத்தில் உள்ளதை மட்டும் வைத்துப் பதினாலு நிலைகள் அமைத்துச் சிலுவைப் பாதை நடத்தினார். அதில் வெரோனிக்காள் கிடையாது. உன் கட்சிக்கு எங்கள் ஆளே ஒரு சாட்சி.

ஆனால் அந்த நாலாம் ஸ்தலத்தைப் படத்தில் இன்னொரு தடவை பார். மகன் சிலுவையோடு விழுவதைத் தாய் பார்க்கிறாள். கால் எழும்பவில்லை. சட்டென்று ஒரு பழைய நினைவு, சின்னப் பிள்ளையாக அவர் ஓடிவந்து தடுக்கி விழுகிறார், அவள் போட்டது போட்டபடி ஓடுகிறாள். அதே ஓட்டத்தில் இங்கேயும் ஓடிப்போய் முகத்தை ஏந்திக்கொள்கிறாள். அப்போது அவர் அவளிடம் சொல்கிற வார்த்தை எது தெரியுமா? "இதோ, நான் சகலத்தையும் புதிதாக்குகிறேன்." வெளிப்படுத்தின விசேஷம் 21ஆம் அதிகாரத்தில் சிங்காசனத்தில் இருப்பவர் சொல்வது. வேதத்தின் கடைசிப் பக்கத்து வாக்கியம், வேதத்தில் இல்லாத ஒரு சந்திப்பில், புழுதியில் கிடப்பவர் வாயில். இரண்டு மணி நேரப் படத்தில் எனக்கு இதுதான் உச்சம். கசையடியை அவ்வளவு நேரம் காட்டியதை நான் ஏற்கவில்லை. மாற்கு அதை ஒரே சொல்லில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். படம் அதிலேயே நின்று நின்று நம்மை மரத்துப்போக வைக்கிறது. அம்மா அந்த நேரம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

அந்த அடி முடிந்ததும் வருகிற ஒரு காட்சியில்தான் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். தீர்ப்புச் சொன்ன ரோமை ஆளுநர் பிலாத்தின் மனைவி மாதாவிடம் வெள்ளைத் துணிகளைக் கொடுக்கிறாள், மாதா மண்டியிட்டுக் கல் தரையில் சிந்திய ரத்தத்தைத் துடைக்கிறாள். "இது எந்த ஸ்தலம்?" என்று கேட்டாள். எந்த ஸ்தலமும் இல்லை. மத்தேயுவில் பிலாத்தின் மனைவிக்கு ஒரே வசனம்தான், கனவு கண்டு ஆள் அனுப்புகிறாள், அவ்வளவுதான். துணி கொடுத்த கதை ஆன் கேத்ரின் எம்மெரிக் என்ற ஜெர்மன் கன்னியர் கண்ட காட்சி. படுக்கையில் கிடந்த அந்த அம்மாளிடம் கேட்டு, கிளெமென்ஸ் பிரெண்டானோ என்ற கவிஞர் எழுதி, 1833இல் புத்தகமாக வந்தது. கன்னியர் சொன்னது எவ்வளவு, கவிஞர் சேர்த்தது எவ்வளவு என்று பிரிக்க முடியாததால், 2004இல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் கொடுத்தபோது ரோம் அந்த எழுத்துகளைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? ஏதோ ஒரு கன்னியர் கண்ட காட்சி என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பெத்தவ அந்த ரத்தத்த மிதிபட விடுவாளா?" என்றாள்.

நம் தமிழுக்கு இது புதுசு இல்லை, சாமு. வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணி பாடினாரே, அதன் நாயகன் வளன், நம் சூசையப்பர். சுவிசேஷத்தில் சூசையப்பர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. தூங்குகிறார், கனவு காண்கிறார், எழுந்து சொன்னதைச் செய்கிறார். அவ்வளவு மௌனமான ஒருவரை வைத்து 36 படலம், 3,615 பாட்டு. எங்கிருந்து எடுத்தார்? ஸ்பெயின் நாட்டில் ஆகிரேதா என்ற ஊர் மடத்துக் கன்னியர் மரியாள் எழுதிவைத்த காட்சிகளிலிருந்து நிறைய எடுத்தார். கிப்சன் செய்ததை முனிவர் முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே விருத்தத்தில் செய்துவிட்டார். ஹாஸ்டலில் நீ அந்தப் பாட்டுகளை மனப்பாடமாகச் சொல்வாய். அப்போது வேதத்தில் இருக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

நீ விரும்புகிற மாதிரி எடுத்தவர் ஒருவர் உண்டு. இத்தாலி இயக்குநர் பசோலினி. 1962 அக்டோபரில் அசிசி நகரத்தில் இருந்தார். அன்று இருபத்துமூன்றாம் யோவான் பாப்பரசர் அங்கே வந்ததால் ஊரே நெரிசல். அறையை விட்டு வெளியே போகாமல் அங்கே கிடந்த சுவிசேஷத்தை எடுத்துப் படித்தார். விசுவாசி இல்லை, மார்க்சியவாதி. 1964இல் மத்தேயு சுவிசேஷத்தைப் படமாக்கி, அதற்குள் இறந்துவிட்டிருந்த அந்தப் பாப்பரசரின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். வசனம் முழுக்க மத்தேயுவின் வார்த்தை. இயேசுவாக நடித்தது நடிப்பே தெரியாத 19 வயது ஸ்பெயின் மாணவர். தெற்கு இத்தாலியில் மத்தேரா என்ற குகை வீட்டு ஊரை எருசலேமாக்கினார். நாற்பது வருஷம் கழித்து கிப்சனும் அதே ஊருக்குத்தான் போனார்.

பையனை அந்தப் படத்தைப் பார்க்கச் சொல். ஆனால் சிலுவையடியைக் கவனித்துப் பார்க்கச் சொல். வயதான மாதா அங்கே நிற்கிறாள், தாங்க முடியாமல் சரிகிறாள். இப்போது உன் வேதப் புத்தகத்தில் மத்தேயு 27ஐ எடு. மகதலேனா மரியாள் இருக்கிறாள், யாக்கோபுக்கும் யோசேக்கும் தாயான மரியாள் இருக்கிறாள், செபெதேயுவின் பிள்ளைகளின் தாய் இருக்கிறாள். ஆண்டவரின் தாய் பெயர் இல்லை. அது யோவானில்தான். மத்தேயுவை விட்டு நகர மாட்டேன் என்று நின்றவரும் அந்த இடத்தில் தாயைக் கொண்டுவந்து நிறுத்தாமல் இருக்க முடியவில்லை. நடித்தது யார் தெரியுமா? பசோலினியின் சொந்தத் தாய் சுசன்னா. அந்த அம்மாளின் இளைய மகன் கைதோ 1945இல், யுத்த காலத்தில், கொல்லப்பட்டவர். அந்த அழுகையை மத்தேயுவும் எழுதவில்லை, பசோலினியும் எழுதவில்லை.

அப்புறம் இன்னொன்று. வேதத்தில் இருப்பதை மட்டும் எடுத்தால் தப்பு வராது என்று நினைக்கிறாயே, அங்கேதான் எனக்குப் பயம். "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக" என்பது வேதத்தில் இருக்கிற வரிதான். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் யூதர்களை அடித்தார்கள். ஆண்டவர் பாடுபட்ட நாளிலேயே அவருடைய சொந்த ஜனங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கவேண்டியதாயிற்று. 1965இல்தான் வத்திக்கான் சங்கம், அந்தப் பழியை யூத இனத்தின்மேல் சுமத்தக் கூடாது என்று எழுத்தில் சொன்னது. கிப்சன் படத்தில் அந்த வரி ஒலியில் இருக்கிறது, கீழே எழுத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். அது போதாது என்பது என் எண்ணம். பிலாத்துவை அவ்வளவு மனசாட்சிக்காரனாகவும் குருக்களை அவ்வளவு கொடியவர்களாகவும் காட்டியபின் எழுத்து இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? எம்மெரிக் பெயரில் வந்த புத்தகத்திலும் அந்த விஷம் உண்டு. அதே படத்தில் மாதாவாக நடித்த மாயா மோர்கன்ஸ்டெர்ன் ருமேனியா நாட்டு யூதப் பெண். அவர் பெயருக்கே விடிவெள்ளி என்று பொருள். "விடியற்காலத்தின் நட்சத்திரமே" என்று மாதா பிரார்த்தனையில் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர் முகம்தான் வருகிறது.

பெரிய வெள்ளிக்கு ஆண்டவர் பாடுகளை நடிக்கிற எங்கள் ஊர் பாஸ்கு நாடகத்திலும் இதே குறை இருந்தது. யூதத் தலைமைக் குரு கயபாஸ் வேஷம் கட்டுகிறவருக்கு மட்டும் கறுப்பு மை, கோரப்பல். சின்ன வயசில் நானும் அவரைப் பார்த்துக் கல்லெடுத்தவன்தான். அடுத்த நாள் காலையில் அவர்தான் எனக்குக் கடையில் மிட்டாய் கொடுத்தார்.

ஆகையால் பையனிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான். திரைக்கதைத் தாளில் ஒவ்வொரு காட்சிக்கும் ஓரத்தில் எழுதட்டும், இது மாற்கு, இது யோவான், இது ஸ்தலம், இது யாரோ கண்ட காட்சி, இது என் சொந்தக் கற்பனை என்று. சேர்க்கப் பயப்படவேண்டாம். ஆனால் சேர்த்தாலும் விட்டாலும், அந்தக் காட்சியால் யார் மனம் இளகும், யார் மேல் கல் விழும் என்று இரண்டையும் யோசிக்கட்டும். வேதத்தில் இருக்கிற வரிக்கும் அந்தக் கேள்வி உண்டு.

அம்மா போய் இந்தத் தவசோடு இரண்டு வருஷம். அவளுடைய சிலுவைப் பாதைப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. அட்டை போய்விட்டது, நாலாம் ஸ்தலத்துப் பக்கம் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருக்கிறது. மூலப்பிரதியைக் கொடுக்க மனம் வரவில்லை. முழுசும் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு வரும்போது கொண்டுவருகிறேன், பையன் கையிலேயே கொடுத்துவிடலாம். பேரன் இந்தப் பெரிய வெள்ளிக்கு ரோமைச் சேவகன் வேஷம் கட்டுகிறான். ஆண்டவரை அடிக்க மாட்டேன் என்று இப்போதே அழுகிறான்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல். கண் முழுசாகத் தெளிந்ததும் மறுபடி எழுதுகிறேன்.

என்றும் உன்,
அந்தோணி